எண்ணூறுக்குக் கேஸ் போடுவது

கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800-ஐ இன்னும் விடாமல் ஓட்டுகிறவர்கள், பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் மெக்கானிக்கிடம் போய் நிற்பார்கள்: "கேஸ் போட்டுரலாமாண்ணே?" சில மெக்கானிக்குகள் உடனே கிட்டின் விலையைச் சொல்வார்கள். தேர்ந்தவர் பானட்டைத் திறந்து, ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார்.

காரணம் இருக்கிறது. டிக்கியில் உள்ள டேங்கிலிருந்து எல்.பி.ஜி. திரவமாகத்தான் முன்பக்கம் வருகிறது. அதை ஆவியாக்கும் வேப்பரைசருக்குச் சூடு வேண்டும். இன்ஜினைச் சுற்றி வரும் கூலன்ட்தான் அந்தச் சூட்டைத் தருகிறது. ரேடியேட்டர் ஒழுகும் வண்டியில் வேப்பரைசர் மேல் வெள்ளை வெளேரென்று பனி படிந்துவிடும். சென்னை வெயிலில், பானட்டுக்கு அடியில், பனி! வண்டி திணறும். உரிமையாளர் பங்க்காரரைத் திட்டிக்கொண்டிருப்பார்.

பெட்ரோலில் மறைந்துகிடந்த கோளாறுகளைக் கேஸ் வெளியே இழுத்துப் போட்டுவிடும். தேய்ந்த ஸ்பார்க் பிளக், கசியும் பிளக் ஒயர் இவற்றோடு பெட்ரோலில் எப்படியோ சமாளித்த இன்ஜின், கேஸில் 'டப்' என்று பின்னோக்கி வெடிக்கும். பழைய கிட்டில் கேஸும் காற்றும் கார்புரேட்டர் வாயிலுள்ள மிக்சரிலேயே கலந்துவிடுகின்றன. தீ அந்த வழியே திரும்பினால் ஏர் ஃபில்டர் மூடி பெயர்ந்து கிடக்கும். வால்வு சீட் தேய்ந்து டாப்பெட் இடைவெளி குறைகிறதா என்பதையும் அடிக்கடி பார்க்க வேண்டும். நல்ல செய்தியும் உண்டு: எல்.பி.ஜி.யின் ஆக்டேன் 100-ஐத் தாண்டும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கைச் சற்று முன்தள்ளி வைத்தால், போன புல்லிங்கில் கொஞ்சம் திரும்ப வரும்.

டேஷ்போர்டில் வரும் சுவிட்சுக்கு மூன்று நிலைகள். காலையில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடானதும் நடுநிலைக்குத் தள்ளி, கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீர்ந்து வண்டி லேசாக இழுக்கும்போது கேஸுக்கு மாற்ற வேண்டும். பெட்ரோலையே மறந்துவிட்டால் கார்புரேட்டரின் கேஸ்கெட்டுகள் காய்ந்துபோகும். மிச்சம் பிடிக்கிறேன் என்று பெட்ரோல் டேங்கைக் காயப்போடுவது வீண் சிக்கனம்.

கணக்கு? லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த வண்டி கேஸில் 12 கொடுத்தால் போதும் என்று வைத்துக்கொள்ளலாம். அதையும் கழித்த பிறகு கிலோமீட்டருக்கு 2 ரூபாய் மிஞ்சுகிறது, கிட்டுக்கு 30,000 ரூபாய் ஆகிறது என்றால், போட்ட பணத்தை எடுக்க 15,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். தினம் 40 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு ஒரு வருடக் கதை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுக்கும் குடும்பத்துக்குக் கிட்டின் விலை திரும்புவதற்குள் வண்டியே பேரீச்சம்பழத்துக்குப் போய்விடும். ஆட்டோ எல்.பி.ஜி. பங்க் எல்லா ஊரிலும் இல்லை என்பது வேறு. சி.என்.ஜி.க்குப் போகலாம் என்றால், சுமார் 200 பார் அழுத்தம் தாங்கும் கனத்த சிலிண்டர் 800-இன் சின்ன டிக்கியை அப்படியே விழுங்கிவிடும்.

எல்.பி.ஜி.யில் கார் ஓட்டுவதற்கு இந்தியாவில் 2000-இல்தான் சட்டம் வழிவிட்டது. அதற்கு முன்னும், வெட்கமில்லாமல் அதற்குப் பின்னும், ஆம்னி வேன்களில் சீட்டுக்கடியில் 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் படுத்துக் கிடந்தது. பள்ளிப் பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்து போனார்கள். முறையான டேங்கில் 80 சதவீதம் நிரம்பியதும் வால்வு தானே அடைத்துக்கொள்ளும். வெயிலில் திரவம் விரிய மீதி இடம் வேண்டும். சமையலறைச் சிலிண்டரிலிருந்து டியூப் போட்டு இறக்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாமல் வண்டித் தரையிலேயே தேங்கும்.

அங்கீகரிக்கப்பட்ட கிட்டை முறையான இடத்தில் பொருத்தி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புக்கில் ஏற்றி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு வழக்கமாக 60 ரூபாய்தான் கூடும். சொந்தச் சேதத்துக்குக் கிட்டின் மதிப்பில் 4 சதவீதம். விபத்துக்குப் பின் கிளைம் கேட்டுப் போனால், கம்பெனிக்காரர் ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்.