சட்டை ஒன்று, ரெக்கார்டு பன்னிரண்டு!

குடும்பத்தில் யாராவது ஒரு சிறிய கடை வைத்திருந்தால் போதும். வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த சில வாரங்களிலேயே அந்தக் கேள்வி வந்துவிடும். "கடையோட சரக்குக் கணக்கை இதுல போட முடியாதா?"

முடியும். தாராளமாக முடியும். ஆனால் நம்மில் பலர் உடனே எக்ஸெல்லைத் திறந்து, பொருளின் பெயர், விலை, இருப்பு என்று மூன்று தலைப்புகளைப் போட்டு டைப் செய்யத் தொடங்கிவிடுகிறோம். மளிகைக் கடையில் உப்பு, புளி என்றால் இது ஓரளவு ஓடும். ரெடிமேடு கடை, செருப்புக் கடை, பாத்திரக் கடை என்றால் முதல் மாதத்திலேயே கணக்கு உதைக்கும். ஏனென்றால் அங்கே ஒரே பொருள் பல சைஸ்களில், பல கலர்களில் வருகிறது. மொபைல் போன் வாங்கும்போது "இதே மாடல்ல 128 ஜி.பி. வேரியன்ட் இருக்கா?" என்று கேட்கிறோமே, அதே வேரியன்ட்தான் இங்கும்.

இந்த மாதிரிக் கடைகளுக்கு டேட்டாபேஸ் அமைக்கும்போது எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விஷயத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. கடை விற்பது "சட்டை"யை அல்ல. "40 சைஸ், நீலக் கலர் சட்டை"யைத்தான் விற்கிறது. எனவே ஒவ்வொரு வேரியன்டுக்கும் தனி ரெக்கார்டு வேண்டும்.

30 இருக்கிறது, ஆனால் இல்லை!

ஒரு காட்டன் முழுக்கைச் சட்டையை எடுத்துக்கொள்வோம். சைஸ் 38, 40, 42, 44 என நான்கு. கலர் வெள்ளை, நீலம், சாம்பல் என மூன்று. மொத்தம் 12 வேரியன்ட்கள். கம்ப்யூட்டரில் ஒரே வரியாக "காட்டன் சட்டை, இருப்பு 30" என்று இருக்கிறது.

வாடிக்கையாளர் 40 சைஸில் நீலம் கேட்கிறார். அலமாரியில் தேடினால் இல்லை. அவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார். கடைக்காரர் மாலையில் கம்ப்யூட்டரைப் பார்க்கிறார். 30 என்று காட்டுகிறது. "சரக்குதான் நிறைய இருக்கே" என்று மொத்த வியாபாரிக்கு ஆர்டர் போடாமல் விட்டுவிடுகிறார். தீபாவளி முடிந்து எண்ணிப் பார்த்தால் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் 44 சைஸ் சாம்பல் கலர். போட்ட முதல் அலமாரியில் தூங்குகிறது. கம்ப்யூட்டர் சொன்ன 30 என்ற எண்ணிக்கை சரிதான். ஆனால் அந்த எண்ணால் கடைக்காரருக்கு ஒரு பயனும் இல்லை.

பலரும் செய்யும் மூன்று வழிகள்

இந்தச் சிக்கல் தெரிந்ததும் பலர் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள்.

முதல் வழி, சைஸுக்கு ஒரு காலம் போடுவது. 38, 40, 42, 44 என்று பக்கவாட்டில் நீட்டிக்கொண்டே போவது. கண்ணுக்கு அழகாக இருக்கும். நாளைக்கு 46 வந்தால் டேபிளின் அமைப்பையே மாற்ற வேண்டும். அதைப் பார்க்கும் ஃபார்ம், குவெரி, ரிப்போர்ட் எல்லாவற்றையும் கூடவே மாற்ற வேண்டும். கலரையும் சேர்த்து "38 வெள்ளை", "38 நீலம்" என்று போனால் இன்னும் மோசம். எம்.எஸ். ஆக்சஸில் ஒரு டேபிளில் 255 ஃபீல்டுகளுக்கு மேல் வைக்க முடியாது. 8 சைஸ், 32 கலர் என்றாலே 256 ஆகிவிடும்!

இரண்டாவது வழி, ஒரே கட்டத்தில் "38, 40, 42" என்று கமா போட்டு எழுதுவது. படிக்கும் மனிதருக்குப் புரியும். கம்ப்யூட்டருக்கு அது வெறும் எழுத்துக் கூட்டம். 40 சைஸ் எத்தனை பாக்கி என்று அதனிடம் கேட்கவே முடியாது.

மூன்றாவது வழி, ஒவ்வொரு வேரியன்டையும் ஒரு வரியாக எழுதுவது. இது சரியான திசைதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே டேபிளில் வைப்பதால் சட்டையின் பெயர், பிராண்டு, துணி வகை எல்லாம் 12 முறை திரும்பத் திரும்ப வரும். ஓர் இடத்தில் "ப்ளூ", இன்னோர் இடத்தில் "நீலம்", மற்றோர் இடத்தில் "நீளம்" என்று டைப் ஆகும். கம்ப்யூட்டர் மூன்றையும் மூன்று கலர்களாகவே எண்ணும்.

காட் சொன்ன வழி

ரிலேஷனல் டேட்டாபேஸ் என்ற சிந்தனையைக் கொடுத்தவர் எட்கர் காட். ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த அவர், 1970-ல் வெளியிட்ட கட்டுரையில் இதை விளக்கினார். நாம் இன்று பயன்படுத்தும் ஆக்சஸ், மை எஸ்.க்யூ.எல்., எஸ்.க்யூ.லைட் எல்லாம் அந்த வேரிலிருந்து கிளைத்தவைதான். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் வகுத்த விதிகளைக் கடைக்காரர் பாஷையில் இரண்டாகச் சொல்லிவிடலாம். ஒரு கட்டத்தில் ஒரே ஒரு விவரம்தான் இருக்க வேண்டும். ஒரு விவரம் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும். மேலே சொன்ன முதல் இரண்டு வழிகள் சைஸ் என்ற விவரத்தைக் காலமின் தலைப்பிலும் கமாக்களுக்கு நடுவிலும் ஒளித்து வைக்கின்றன. மூன்றாவது வழி ஒரே விவரத்தைப் பன்னிரண்டு இடங்களில் எழுதுகிறது.

அப்படியானால் எப்படிப் பிரிப்பது?

பொருள் டேபிள்: பொருள் எண், பெயர், பிராண்டு, துணி வகை, எச்.எஸ்.என். எண். நம் காட்டன் சட்டைக்கு இங்கே ஒரே ஒரு ரெக்கார்டு.

சைஸ் டேபிள்: சைஸ் எண், சைஸ், வரிசை எண்.

கலர் டேபிள்: கலர் எண், கலர்.

வேரியன்ட் டேபிள்: வேரியன்ட் எண், பொருள் எண், சைஸ் எண், கலர் எண், பார்கோடு, விலை. நம் சட்டைக்கு இங்கே 12 ரெக்கார்டுகள்.

ஒவ்வொரு டேபிளிலும் முதல் ஃபீல்டு பிரைமரி கீ. வேரியன்ட் டேபிளில் இருக்கும் பொருள் எண், சைஸ் எண், கலர் எண் மூன்றும் ஃபாரின் கீ. அதாவது மற்ற டேபிள்களைச் சுட்டிக்காட்டும் விரல்கள். ஆக்சஸில் ரிலேஷன்ஷிப் விண்டோவில் இவற்றை இணைக்கும்போது "என்ஃபோர்ஸ் ரெஃபரன்ஷியல் இன்டெக்ரிட்டி" என்ற கட்டத்தில் டிக் செய்ய மறக்காதீர்கள். அதன் பிறகு கலர் டேபிளில் இல்லாத ஒரு கலரை யாரும் வேரியன்டில் போட முடியாது. "நீளம்" உள்ளே நுழையும் கதவு இப்படித்தான் அடைபடும்.

பொருள், சைஸ், கலர் மூன்றையும் சேர்த்து ஒரு யுனிக் இண்டெக்ஸ் கொடுத்துவிடுங்கள். அதே சட்டை, அதே சைஸ், அதே கலர் இரண்டு தரம் பதிவாகாது.

இன்னொன்று. 4 சைஸ், 3 கலர் என்றதும் 12 ரெக்கார்டுகளையும் கண்ணை மூடிக்கொண்டு உருவாக்க வேண்டியதில்லை. வெள்ளையில் 44 சைஸ் கம்பெனியே தைப்பதில்லை என்றால் 11 போதும். வேரியன்ட் டேபிளில் இருப்பது உண்மையில் விற்பனைக்கு வரும் சரக்காக இருக்க வேண்டும்.

சைஸுக்கு எதற்குத் தனி டேபிள், அதில் எதற்கு வரிசை எண் என்று கேட்பீர்கள். திருப்பூர் பனியன்களைப் பாருங்கள். சைஸ் சென்டிமீட்டரில் வரும்: 80, 85, 90, 95, 100. இதை டெக்ஸ்ட் ஃபீல்டில் வைத்து வரிசைப்படுத்தினால் கம்ப்யூட்டர் 100-ஐத் தூக்கி 80-க்கு முன்னால் வைக்கும். எஸ், எம், எல், எக்ஸ்.எல். என்று வைத்தாலோ ஆங்கில அகர வரிசைப்படி எல், எம், எஸ், எக்ஸ்.எல். என்று காட்டும். எண் ஃபீல்டாக வைத்தால் எஸ், எம் உள்ளே நுழையாது. வரிசை எண் ஒன்று இருந்தால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

எது எந்த டேபிளில்?

ஒரு விவரம் எந்த டேபிளில் இருக்க வேண்டும் என்று சந்தேகம் வந்தால் இப்படிக் கேளுங்கள்: "சைஸோ கலரோ மாறினால் இது மாறுமா?" மாறும் என்றால் வேரியன்ட் டேபிள். மாறாது என்றால் பொருள் டேபிள்.

பார்கோடு மாறும். பார்கோடு போட்ட பொருள் முதன்முதலாக ஒரு கடையின் ஸ்கேனரில் விற்பனையானது 1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரில். பொருள், ஒரு சூயிங்கம் பாக்கெட். இன்று பார்கோடு எண்களுக்கு விதி வகுக்கும் ஜி.எஸ்.1 அமைப்பு, சைஸோ கலரோ வேறானால் எண்ணும் வேறாக வேண்டும் என்கிறது. உலக வியாபாரமே வேரியன்டைத்தான் தனிச் சரக்காக எண்ணுகிறது. நம் டேட்டாபேஸ் மட்டும் ஏன் வேறு மாதிரி எண்ண வேண்டும்?

விலையும் மாறலாம். பெரிய சைஸுக்குக் கூடுதல் விலை வைப்பது வழக்கம்தானே. இதில் வரியும் சேர்ந்துகொள்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, ஓர் ஆயத்த ஆடையின் மதிப்பு 1,000 ரூபாய் வரை என்றால் 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் என்று வைத்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் என்று மாறியது. ஒரே சட்டையில் வரி சேர்க்காத விலை 42 சைஸுக்கு 2,450, 46 சைஸுக்கு 2,600 என்றால் இரண்டுக்கும் வரி வேறு வேறு! வரி விகிதத்தைப் பொருள் டேபிளில் ஒரே எண்ணாக எழுதி வைத்தவர் பில் தப்பாகத்தான் வரும். எச்.எஸ்.என். எண் அப்படி இல்லை. நெய்த துணியில் தைத்த ஆண்கள் சட்டை எந்த சைஸானாலும் 6205-தான். அதனால் அது பொருள் டேபிளில் இருக்கலாம்.

பில் டேபிளில் விற்ற அன்றைய விலையையும் வரியையும் அப்படியே எழுதி வையுங்கள். வேரியன்ட் டேபிளிலிருந்து இன்றைய விலையை எடுத்துக் காட்டினால், போன வருஷத்து பில்லைத் திறக்கும்போது இந்த வருஷத்து விலை தெரியும். அது கணக்கு அல்ல, குழப்பம். இதே காரணத்துக்காக, வருவது நின்றுபோன வேரியன்டையும் அழிக்காதீர்கள். "விற்பனையில் இல்லை" என்று ஒரு ஃபீல்டில் குறித்தால் போதும்.

இருப்பையும் ஒரே எண்ணாக எழுதி அழித்து எழுத வேண்டாம். சரக்கு வந்தால் ஒரு ரெக்கார்டு, விற்றால் ஒரு ரெக்கார்டு, திருப்பிக் கொடுத்தால் ஒரு ரெக்கார்டு. எல்லாம் வேரியன்ட் எண்ணுடன். கூட்டிக் கழித்து இருப்பைச் சொல்வது குவெரியின் வேலை. எண்ணிக்கை உதைக்கும்போது எந்தத் தேதியில் தப்பு நடந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கவும் முடியும்.

அளவுக்கு மிஞ்சினால்...

"சின்னக் கடைக்கு இத்தனை டேபிளா?" என்று சிலர் கேட்பார்கள். டைப் செய்யும் வேலை கூடாது, குறையவே செய்யும் என்பதுதான் என் பதில். பிராண்டு பெயரை 12 தரம் அடிப்பதற்குப் பதில் ஒரு தரம் அடிக்கிறீர்கள்.

இதற்கு எதிர்ப்புறத்திலும் ஓர் ஆபத்து உண்டு. கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள், "நாளைக்கு எது வந்தாலும் தாங்க வேண்டும்" என்று பண்பின் பெயர், பண்பின் மதிப்பு என்று இரண்டே ஃபீல்டுகள் வைத்து சைஸ், கலர், எடை, கை நீளம் எல்லாவற்றையும் அதற்குள் திணிப்பார்கள். புடவையும் குக்கரும் செல்போனும் ஒன்றாக விற்கும் பெரிய இணையக் கடைக்கு அப்படி ஒரு தேவை இருக்கலாம். ரெடிமேடு கடைக்கு அது வேண்டாம். "40 சைஸ் நீலம் எத்தனை?" என்ற சாதாரணக் கேள்விக்கே அதே டேபிளை இரண்டு முறை இணைத்து குவெரி எழுத வேண்டியிருக்கும். விலை, நீளம், தேதி எல்லாம் ஒரே டெக்ஸ்ட் ஃபீல்டில் கிடப்பதால் தப்பான விவரத்தைத் தடுக்கவும் வழியில்லை. புதிதாகக் கற்றுக்கொள்பவர் முதலில் தன் கடைக்குப் பொருந்துவதைச் செய்யட்டும்.

எதில் செய்வது? எம்.எஸ். ஆக்சஸ் உங்களிடம் இருந்தால் அதில் செய்யலாம். இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் உள்ள பேஸ் போதும். ஆனால் சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். கடை அலமாரியிலிருந்து ஏதாவது பத்துச் சரக்கை எடுத்து வைத்து, அவற்றை இந்த டேபிள்களில் பென்சிலால் எழுதிப் பாருங்கள். ஏதாவது ஒரு சரக்கு எங்கும் பொருந்தாமல் நின்றால், உங்கள் கடைக்கு இன்னும் ஒரு டேபிளோ ஃபீல்டோ வேண்டும் என்று அர்த்தம். தாளில் அதை அழித்து எழுத ஒரு நிமிடம் போதும். ஆறு மாத பில்கள் ஏறிய பிறகு டேட்டாபேஸில் மாற்றுவதென்றால் கடையைச் சாத்திவிட்டு உட்கார வேண்டியிருக்கும்.