பாவம் லீ சொங் வெய்?

பட்மிண்டன் பற்றிக் கதைக்கத் தொடங்கி, லீ சொங் வெய்யின் பெயர் வந்ததும் யாராவது ஒருவர் "பாவம் மனுசன்" என்று சொல்லாமல் விடுவதில்லை. 2008 பீஜிங், 2012 லண்டன், 2016 ரியோ. மூன்று ஒலிம்பிக் இறுதிகள், மூன்று வெள்ளி. உலகச் சம்பியன்ஷிப் தங்கமும் கிடைக்கவில்லை. மலேசியாவுக்கு இன்றுவரை ஒரு ஒலிம்பிக் தங்கம் இல்லை என்பதால் அந்த நாட்டின் துக்கமும் இவர் தலையில்தான். எங்களுக்கு இந்தப் 'பாவம்' என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது.

பீஜிங் இறுதியில் லின் டான் இவரை 21-12, 21-8 என்று அடித்துத் துவைத்தார். நான்கே நாளில், அதாவது ஆகஸ்ட் 21 இல், தோற்ற ஆள் உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தார். வந்தவர் 2012 ஜூன் வரை, 199 வாரங்கள், அந்த இடத்தை விட்டு அசையவில்லை. மொத்தமாகப் பார்த்தால் 349 வாரங்கள்!

இது சும்மா ஒரு இலக்கம் இல்லை. கடந்த 52 வாரங்களில் ஆடியவற்றில் சிறந்த பத்துச் சுற்றுப்போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டித்தான் தரவரிசை போடுகிறார்கள். ஒரு மாதம் நன்றாக ஆடிவிட்டு ஓய்ந்தால் கீழே வந்துவிடுவீர்கள். ஒவ்வொரு நாடாகப் பறக்க வேண்டும்; ஒவ்வொரு அரங்கிலும் ஏசிக் காற்று பந்தை ஒவ்வொரு பக்கம் இழுக்கும்; முதல் சுற்றில் வரும் பெயர் தெரியாத பெடியனும் உங்களை விழுத்தத்தான் வருவான். ஒலிம்பிக் நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும். மற்ற வாரங்களை யார் கணக்கெடுப்பது? உயர்தரப் பரீட்சை முடிவை வைத்தே ஆளை எடைபோடும் ஊரில் வளர்ந்த எங்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. (எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம்.)

அதுக்காக, அவருக்கு அதிர்ஷ்டம் இல்லை என்ற கதையையும் நாங்கள் ஏற்கமாட்டோம். இருவரும் மோதிய 40 ஆட்டங்களில் 28 லின் டானுக்கு. 2011 உலகச் சம்பியன்ஷிப் இறுதியின் கடைசி செட் 23-21, லண்டன் ஒலிம்பிக்கில் 21-19. இரண்டு முறையும் கடைசிப் புள்ளிகளை எடுத்தவர் லின் டான். அதைத் தலைவிதி என்றால் லின் டானின் ஆட்டத்துக்கு என்ன மரியாதை?

ரசிகர்கள் மெதுவாகத் தாண்டிப் போகும் இடம் ஒன்றும் இருக்கிறது. 2014 உலகச் சம்பியன்ஷிப்பில் வென்ற வெள்ளி, ஊக்கமருந்துச் சோதனையில் டெக்ஸாமெத்தசோன் அகப்பட்டதால் பறிக்கப்பட்டது. ஏமாற்றும் நோக்கம் இல்லை என்று விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டாலும் கவனயீனத்துக்காக எட்டு மாதத் தடை விதித்தது. முப்பது வயது தாண்டியவர் அதோடு ராக்கெட்டை வைத்திருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவர் திரும்பி வந்து, ரியோவுக்குப் போகும்போது மறுபடி உலகின் முதல் வீரர்.

"வெள்ளியும் பெரிசுதானே" என்று ஆறுதல் சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. அவருக்குத் தங்கம்தான் வேண்டும். 2017 இல், 34 வயதில், நான்காவது முறையாக ஆல் இங்கிலாந்துப் பட்டத்தை வென்றபிறகும் வேண்டும். 2018 இல் மூக்கில் புற்றுநோய் என்று தெரிந்து, சிகிச்சை எடுத்தபிறகும் டோக்கியோ ஒலிம்பிக் கனவை விடவில்லை. 2019 ஜூனில் அழுதுகொண்டே ஓய்வை அறிவித்தார். அந்த அழுகையை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவது அவருக்குச் செய்யும் நியாயம் இல்லை.

இதுவரை பார்க்காதவர்கள் ரியோ அரையிறுதியை ஒருக்கா முழுசாகப் பாருங்கள். முதல் செட் 15-21 என்று போகிறது. இரண்டாவதை 21-11 என்று எடுக்கிறார். மூன்றாவது 22-20. வலைக்கு அந்தப் பக்கம் நிற்பது லின் டான். ஆட்டம் முடிந்து இரண்டு பேரும் ஆளுக்காள் சேர்ட்டை மாற்றிக்கொள்கிறார்கள். அடுத்த நாள் சென் லோங்குடன் ஆடிய இறுதியை, நேரம் இருந்தால் பார்க்கலாம்.