தேர்வு நமதாகட்டும்

கணிப்பொறியில் ஓர் இணைய இணைப்பைச் சொடுக்குகின்றோம். உடனே ஓர் உலாவி திறக்கின்றது. அதனைத் தேர்ந்தவர் யார்? பெரும்பாலும் நாம் அல்லோம். நமக்காகப் பிறர் முன்னரே அமைத்து வைத்த அதனை 'இயல்புநிலை உலாவி' என்பர்.

இது சிறு செய்தியன்று. 1990களில் நெட்ஸ்கேப் உலாவி புகழுடன் விளங்கியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் உலாவியை விண்டோஸுடன் இணைத்தே வழங்கியது, நெட்ஸ்கேப் சரிந்தது. 1998இல் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. ஐரோப்பாவிலோ, பல உலாவிகளையும் காட்டிப் பயனரையே தேரச் செய்யும் திரையை 2010 முதல் அந்நிறுவனம் வழங்க நேர்ந்தது. இடையில் அத்திரை விடுபட்டமைக்காக 2013இல் விதிக்கப்பட்ட தண்டம் 56 கோடியே 10 இலட்சம் யூரோ!

ஏன் இத்துணைப் போராட்டம்? முன்னரே அமைந்ததை மாந்தர் எளிதில் மாற்றார் என்பதை வணிகர் நன்கறிவர்.

"எவ்வுலாவியாயினும் இணையம் ஒன்றுதானே?" என வினவுவோர் உளர். எத்தேடுபொறி முதலில் தோன்றும், நம் தடங்களுள் எவை பதிவாகும் என்பனவற்றில் உலாவிக்குப் பெரும்பங்குண்டு என்பதை அவர்கள் எண்ணுதல் வேண்டும்.

மாற்றுவதும் அரிதன்று. விண்டோஸ் 11இல் அமைப்புகள், செயலிகள், இயல்புநிலைச் செயலிகள் என்ற வரிசையில் சென்று, விரும்பும் உலாவியைத் தெரிந்து, பொத்தானை அழுத்தினால் போதும். கல்லூரிக் கணிப்பொறிக் கூடங்களில் இதனை முதற்பாடமாகவே கற்பிக்கலாம்.

இருப்பதே நன்றெனில் அதுவே இருக்கட்டும். ஆயினும் அது நாம் ஆராய்ந்து ஏற்றதாக இருத்தல் வேண்டும்.