மறுநாள் எழுந்திராத நோயாளி

பக்கவாதம் கண்டவருக்கு, மூளையின் ரத்தக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டால், மறுநாள் பொழுது விடிவதற்குள் அவர் விழுந்த கையைத் தூக்கி, குழறிய வாயால் தெளிவாகப் பேசிவிட வேண்டும், இல்லையேல் அந்த ஊசி வீண் என்ற அபிப்பிராயம், கற்றவர் கல்லாதவர் என்ற பேதமின்றி வேரூன்றியிருக்கிறது. மந்திரவாதியின் விபூதியிடம் எதிர்பார்ப்பதை மருந்திடம் எதிர்பார்க்கும் இந்த அவசர புத்தியைக் கண்டிக்காமல் இருப்பதற்கில்லை.

இம்மருந்தின் கீர்த்திக்கு மூலாதாரமான அமெரிக்கப் பரிசோதனையின் முடிவு வெளியானது 1995-இல். நோய் கண்ட 3 மணி நேரத்துக்குள் வந்த 624 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அல்டெப்ளேஸ் என்னும் மருந்தையும் மற்றவர்க்கு வெறும் போலி மருந்தையும் செலுத்தினார்கள். அதன் முதற்பகுதியில், 24 மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, இரு பிரிவினருக்கும் இடையே நிச்சயமாகச் சொல்லத்தக்க வித்தியாசம் புலப்படவில்லை! நம் ஊர்த் தீர்ப்பின்படி அன்றே அம்மருந்தைக் குப்பையில் எறிந்திருக்க வேண்டும். ஆனால் 3 மாதம் சென்றபின், ஊனம் சிறிதுமின்றியோ, இருந்தும் பொருட்படுத்த வேண்டாத அளவிலோ தேறியவர்கள், மருந்து பெற்றவர்களில் 30 சதவீதமேனும் அதிகமாக இருந்தார்கள். ஓராண்டுக்குப் பிறகும் அந்த அனுகூலம் தேய்ந்துபோகவில்லை.

காரணம் விளங்காததன்று. செத்த மூளைப் பகுதியை எந்த ஊசியும் உயிர்ப்பிக்காது. அதைச் சுற்றி, ரத்தம் குன்றி ஊசலாடிக்கொண்டிருக்கும் பகுதியையே அது மீட்கிறது. மீண்ட பகுதி வீக்கம் வடிந்து, பயிற்சியால் பழகித் தன் தொழிலைத் திரும்ப ஏற்க வாரங்களும் மாதங்களும் செல்லும்.

மூளையில் ரத்தம் கசியுமே என்ற ஆக்ஷேபம் மெய்தான். மேற்சொன்ன பரிசோதனையில் மருந்து பெற்றவரில் நூற்றுக்கு 6 பேருக்கு அந்த விபத்து நேர்ந்தது, பெறாதவரில் ஒருவருக்கும் குறைவு. அந்த நஷ்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட பின்னரே 3 மாத லாபம் நின்றது. மரணத்தை இம்மருந்து வெகுவாகக் குறைத்ததென்றும் நான் வாதிக்கவில்லை. அது குறைப்பது ஊனத்தை.

பொய்யான இந்த நம்பிக்கை வீண்பேச்சோடு நின்றால் பாதகமில்லை. "ஊசியே பலிக்கவில்லை, இனி என்ன இருக்கிறது?" என்று உறவினர் கைவிட்டு, பிசியோதெரபியை நிறுத்தி, நோயாளியைக் கட்டிலோடு கிடத்திவிடுகிறார்களே, அதுதான் பெருங்கேடு. ஆகவே, உறவினர்களே, மறுநாள் காலையில் தீர்ப்புக் கூறாதீர்கள். பயிற்சியை என்றைக்குத் தொடங்கலாம் என்று வைத்தியரைக் கேளுங்கள்.