வண்டிக்கு வெளியே நிற்பவர்கள்

எமது ஆசிரியர் அறையிலே மதிய இடைவேளைகளில் இப்பொழுது இலக்கியமும் பேசப்படுவதில்லை, சம்பளமும் பேசப்படுவதில்லை. ஜீப் வண்டிகளே பேசப்படுகின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்ட நாள்முதல் இவ்வார்வம் பன்மடங்காகியுள்ளது. பேசுவோருள் ஒருவருக்கேனும் அவற்றை வாங்கும் வசதி கிடையாது. பஸ்ஸிலே தொங்கிக்கொண்டு பாடசாலைக்கு வருவோரே, புதிய டிஃபெண்டர் உண்மையான டிஃபெண்டர்தானா, மின்சார ஜீப் உண்மையான ஜீப்தானா என்று வழக்காடுகின்றனர். இதனை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கிவிட நாம் ஆயத்தமாயில்லை. ஒரு வர்க்கத்தின் ஆசை இன்னொரு வர்க்கத்தின் வாயில் வாதமாக உருக்கொள்வதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பதரிது.

இவ்வாதம் நம்மிடையே பிறந்ததன்று. மேலைநாட்டு மோட்டார் அபிமானிகளிடமிருந்து இரவலாக வந்தது. ஆகவே அதன் பிறப்பிடத்திலேயே அதனைச் சந்திப்போம்.

லாண்ட் றோவர் 1948இல் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டபோது, அது செல்வரின் விளையாட்டுப் பொருளாக இருக்கவில்லை. யுத்தத்தின் பின் உருக்குப் பங்கீட்டுப் பொருளாயிருந்தமையால் உடலை அலுமினியத் தகட்டால் அமைத்தனர். வயலில் கலப்பை இழுக்கவும், தன் எஞ்சின் வலுவாற் பண்ணை இயந்திரங்களைச் சுழற்றவும் வல்ல கமக்காரனின் கருவியாகவே அது கருதப்பட்டது. அதன் வழிவந்த பழைய டிஃபெண்டரின் உற்பத்தி 2016 சனவரியில் இங்கிலாந்தின் சொலிஹல் தொழிற்சாலையில் முடிவுற்றது. 2019இல் புதியது வெளிவந்தபோது அபிமானிகள் கொதித்தெழுந்தனர். ஏணி போன்ற தனிச் சட்டகம் இல்லை, எங்கும் கணினி, தெருவோரத்தில் நின்று சாவியாற் கழற்றித் திருத்த வழியில்லை என்றெல்லாம் புலம்பினர்.

இப்புலம்பலிற் பாதி நியாயமானதே. பாவிப்பவனே திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய இயந்திரம் மனிதனுக்கு அடங்கியது. கம்பனியின் அனுமதியின்றித் திறக்கவியலாத இயந்திரம் மனிதனை அடக்குவது. இயந்திரத்தை நேசித்தல் குற்றமன்று. ஆனால், இயந்திரத்தை நேசிப்போர் அதைச் செய்யும் கைகளை மறந்துவிடுகின்றனரே, அங்கேதான் எமது வழக்குத் தொடங்குகின்றது.

பழைய வண்டியின் சாயலிலே 'கிரனடியர்' என்னும் ஜீப்பை உருவாக்கியவர் ஜிம் ராட்கிளிஃப் என்ற இரசாயனத் தொழிற் கோடீசுவரர். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகவேண்டுமென்று குரல் கொடுத்தவர் அவர். 2019இல் வேல்சிலுள்ள பிரிட்ஜெண்டில் தொழிற்சாலை அமைப்பதாக அறிவித்தார். அதே ஊரின் ஃபோர்ட் எஞ்சின் தொழிற்சாலை மூடப்படவிருந்த காலம் அது. 2020 செப்டம்பரில் மூடப்பட்டும் விட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே ராட்கிளிஃப் பிரான்சின் ஹம்பாக்கில் ஆயத்தமாயிருந்த தொழிற்சாலையொன்றை வாங்கிக்கொண்டு அங்கே சென்றுவிட்டார். ஏணிச் சட்டகம் மீண்டும் கிடைத்ததென்று மகிழ்ந்த அபிமானிகளுள் எத்தனை பேர் பிரிட்ஜெண்டுக்காக வருந்தினர்?

இனி மின்சார அணியினர். பெற்றோல் வண்டியைவிட மின்சார வண்டி, தன் வாழ்நாளிற் பொதுவாகக் குறைந்த கரியமிலவாயுவையே வெளியிடுகின்றது. இதை நாம் மறுக்கவில்லை; மறுப்போர் எண்ணெய் முதலாளிகளுக்கே துணைபோகின்றனர். ஆனால் எந்த வண்டி என்பதையும் கேட்கவேண்டாமா? அமெரிக்காவின் மின்சார ஹம்மர் நான்கு தொன்னுக்கு மேற்பட்ட நிறையுடையது. அதன் மின்கலத் தொகுதி மட்டுமே ஒரு தொன்னைத் தாண்டும். 200 கிலோவாற் மணிக்கு மேற்பட்ட மின்சாரத்தைச் சேமிக்கும். அந்த மின்கலத்தைப் பிரித்தால் இருபது மின்சார முச்சக்கர வண்டிகளேனும் ஓடும். மின்கலங்கள் பலவற்றுக்கு வேண்டிய கோபாற்று, கொங்கோவின் கொல்வேசிப் பிரதேசத்திலே தோண்டப்படுகின்றது; அங்கே சிறுவர்களும் வெறுங்கையோடு மண்கிளறும் செய்தி உலகறிந்தது. அந்தச் சுமையில் இருவரோ மூவரோ அமர்ந்து கடைக்குச் சென்று திரும்புவதற்குச் 'சூழல் காத்தல்' என்று பெயர்!

2024இல் வெளிவந்த மெர்சிடிஸ் நிறுவனத்தின் மின்சார ஜீப்போ மூன்று தொன். நின்ற இடத்திலேயே பம்பரம்போற் சுழலும் வித்தை அதற்குண்டு. எஞ்சின் உறுமல் இல்லையே என்று இரசிகர் ஏங்கக்கூடாதென்பதற்காக ஒலிபெருக்கியாற் போலி உறுமலும் எழுப்பிக் கொடுக்கின்றனர். ஆத்மா இல்லாத வண்டி என்று பழைய அணியினர் இகழ்கின்றனர். இதோ ஆத்மா என்று கம்பனி ஒலிபெருக்கியைக் காட்டுகின்றது. இரு தரப்பாரும் தேடுவது சத்தத்தைத்தான் போலும்.

சட்டகமா, கணினியா, பெற்றோலா, மின்சாரமா? எல்லாக் கேள்விகளும் ஆசனத்தில் அமர்ந்திருப்பவனுடையவை. வீதியில் நடப்பவனின் கேள்வி ஒன்றும் இவற்றில் இல்லை. அமெரிக்காவில் 2009இல் வாகனம் மோதி இறந்த பாதசாரிகள் ஏறக்குறைய 4,100 பேர். 2022இல் அத்தொகை 7,500ஐ மீறியது. இதற்குக் காரணம் ஒன்றன்று. எனினும், முன்முகம் ஒரு மீற்றருக்கு மேல் உயர்ந்த வண்டிகள் மோதும்போது மரணம் நேரும் வாய்ப்பு, தாழ்ந்த முகமுடைய கார்களைவிட ஏறக்குறைய 45 வீதம் அதிகமென்று அந்நாட்டுக் காப்புறுதி நிறுவனங்களின் வீதிப் பாதுகாப்பு ஆய்வகமே 2023இல் கண்டறிந்தது. ஒரு மீற்றரென்பது எமது முதலாம் வகுப்புப் பிள்ளையின் கழுத்தளவு. எஞ்சினுக்குப் பதில் மின்கலம் வைத்தால் அந்த உயரம் குறையுமா?

இங்கே நிலைமை என்ன? 2022இல் அந்நியச் செலாவணி வற்றி, பெற்றோல் வரிசைகள் ஊர் தாண்டி நீண்டன. எரிபொருளின்றிப் பாடசாலைகள் மூடப்பட்டன. அந்நாட்களில் நாம் எல்லோரும் வண்டிக்கு வெளியேதான் நின்றோம். 1958 சனவரி முதலாந் திகதி பஸ் சேவையை நாட்டுடைமையாக்கிய தேசம், மீண்டுங் கிடைக்கும் செலாவணியை முதலில் எதற்குச் செலவிடவேண்டும்? மின்சார வாகனம் வேண்டுமென்றே நாமும் கேட்கின்றோம். ஐம்பது பேர் ஏறும் மின்சார வாகனம் வேண்டும்.

சென்ற வாரம் பஸ் தரிப்பிடத்தில் நண்பரொருவரிடம் இவற்றையெல்லாம் கூறினோம். “உமக்கு வண்டியின்ர அருமை விளங்காது ஐசே” என்றார். மறுமொழி சொல்லுமுன் பஸ் வந்துவிட்டது. இருவரும் மிதிபலகையில் தொற்றிக்கொண்டோம்.