டம்ப் போதும் மாமா!

போன ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் அக்கா மகன் போன் செய்தான். ஆரக்கிள் டேட்டாபேஸ் நிர்வாகத் தேர்வு எழுதப்போகிறானாம். எந்த கைடு வாங்கலாம் என்று கேட்டான். பதினெட்டு வருஷமாக டிபிஏ வேலை பார்க்கும் தாய்மாமனிடம் கேட்கிறானே என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து, பாடத்திட்டத்திலிருந்து ஆரம்பித்தேன். அவன் இரண்டு நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை.

“அவ்ளோ பெரிய புக்கெல்லாம் யாரு மாமா படிக்கிறா? டெலிகிராம்ல டம்ப் கிடைக்குது. அதைப் படிச்சாலே பாஸ். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. எந்த டம்ப் நல்லதுன்னு மட்டும் சொல்லுங்க.”

அந்த ‘எல்லாரும்’தான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

டம்ப் என்பது, தேர்வு எழுதி வந்தவர்கள் ஞாபகத்திலிருந்து ஒப்பித்த கேள்விகளும் அவற்றுக்கு யாரோ போட்ட விடைகளும் சேர்ந்த பிடிஎஃப். யாரோ என்றால் யாரோதான். அந்த விடை சரியா என்று பார்க்கத் தெரிந்தவனுக்கு டம்ப் தேவையில்லை. தேவைப்படுகிறவனுக்குப் பார்க்கத் தெரியாது. எழுபத்திரண்டாம் கேள்விக்கு பி, டி. எழுபத்து மூன்றுக்கு ஏ, சி. ஸ்லோகம்போல ஒப்பித்துவிட்டுப் போகிறார்கள். ஸ்லோகம் சொன்னால் புண்ணியமாவது கிடைக்கும்.

என்னிடம் ஒரு ரெடோ லாக் கதை இருக்கிறது. இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் அதைத்தான் சொல்வேன். வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். நாய்க்குட்டிகூட எழுந்து போய்விடும்.

நான் முன்பு இருந்த கம்பெனியில் இரவு ஷிஃப்டுக்கு ஒரு பையன். டம்ப் படித்து வாங்கிய ஆரக்கிள் சான்றிதழைப் பிரிண்ட் எடுத்துத் தன் சீட்டுக்கு மேலே ஒட்டியிருந்தான். ஒருநாள் நடுராத்திரி, டிஸ்க் நிரம்புகிறது என்று அலெர்ட் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தான். ‘ரெடோ01 டாட் லாக்’, ‘ரெடோ02 டாட் லாக்’ என்று பெரிய பெரிய ஃபைல்கள். லாக் என்றால் பழைய குப்பைதானே? அழித்தான். ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று வேறு டிஸ்கில் அதே ஃபைல்களுக்கு நகல் வைத்திருந்தோம். பொறுப்பான பையன், அதையும் தேடிப்பிடித்து அழித்தான். அப்படியும் இடம் காலியாகவில்லை. லினக்ஸில் ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் ஃபைலை அழித்தால் பெயர்தான் போகும், இடம் விடுபடாது. அந்த நிலையில்கூட மீட்க வழி இருந்தது. எங்களில் யாரையாவது எழுப்பியிருந்தால் போதும். அவன் ‘ஷட்டவுன் அபார்ட்’ கொடுத்து டேட்டாபேஸையே நிறுத்தினான். நின்றது, பிறகு எழுந்திருக்கவில்லை.

ரெடோ லாக் என்ன என்று மளிகைக்கடை அண்ணாச்சியைக் கேட்டால் சொல்லிவிடுவார். கூட்ட நேரத்தில் அவர் சிட்டையில் குறித்துக்கொள்வார். கடை ஓய்ந்தபின் பேரேட்டில் ஏற்றுவார். ஆரக்கிளும் அதைத்தான் செய்கிறது. கமிட் கொடுத்ததும் ‘முடிந்தது’ என்று பதில் வருகிறதே, அது மாற்றம் ரெடோவில் ஏறிவிட்டது என்பதற்குத்தான். டேட்டா ஃபைலுக்கு அது சாவகாசமாகப் போய்ச்சேரும். நடுவில் கரண்ட் போனால் ரெடோவைப் படித்துத்தான் டேட்டாபேஸ் விட்ட இடத்துக்கு வரும். எங்கள் பையன் சிட்டையைக் கிழித்துப் பொட்டலம் மடித்துவிட்டான். பேக்கப்பை மீட்டு, ரெடோவின் நகல் ஆர்க்கைவில் இருந்த வரைக்கும் ஓட்டினோம். அதற்குப் பிறகு பதிவானவை போனது போனதுதான்.

பையன் அந்தத் தேர்வில் வாங்கியது 90க்கு மேல். ஆரக்கிள் 19சி பதிப்பின் நிர்வாகத் தேர்வில் முதல் தாளில் தேற 60 சதவீதம் போதும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது தெரியாவிட்டால் பரவாயில்லை. அந்த நாற்பதில் ரெடோ லாக் இருந்தாலும் பரவாயில்லை.

“கைடு எல்லாம் பழசாயிடும் மாமா” என்பது அடுத்த வாதம். ஆகும். 10ஜிக்கு 042, 11ஜிக்கு 052, 12சிக்கு 062, 19சிக்கு 082 என்று தேர்வு எண் மாறிக்கொண்டேதான் வந்தது. எழுதப்போகும் எண் அட்டையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் 10ஜி கைடில், 2013இல் 12சியோடு வந்த மல்டிடெனன்ட் வசதி பற்றி ஒரு வரியும் இருக்காது. ஆனால் ரெடோ லாகை அழிக்காதே என்பது அந்தக் கிழிந்த புத்தகத்திலும் புரியும்படி இருக்கும். பிஜு தாமஸ் 11ஜிக்கு எழுதிய கைடை நான் வரிக்கு வரி படித்தவன். ஒவ்வொரு அத்தியாயத்தையும் முடித்துவிட்டு, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு டேட்டாபேஸை நிறுவி, வேண்டுமென்றே கெடுத்து, மீட்டுப் பார்ப்பேன். கெடுத்துப் பார்க்கச் சொல்லாத கைடை நான் கைடு என்றே மதிப்பதில்லை. டம்பில் எதைக் கெடுப்பது?

காசுதான் பிரச்சினை என்றால் ஆரக்கிளின் கான்செப்ட்ஸ் கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. ‘ஆஸ்க் டாம்’ என்ற கேள்வி பதில் தளத்தை நடத்திய டாம் கைட், வந்தவரையெல்லாம் முதலில் அதைப் படியுங்கள் என்று வருஷக்கணக்காக விரட்டினார். இலவசமாகக் கிடைப்பதைப் படிக்காதவன், திருட்டு பிடிஎஃபுக்குக் காசு கொடுத்து டெலிகிராம் குழுவில் மெம்பர் ஆகிறான்.

பையன்களை மட்டும் திட்டிப் பயனில்லை. ப்ளஸ் டூவிலேயே ‘இம்பார்ட்டன்ட் கொஸ்டின்’ கொடுத்து வளர்த்தோம். கோனார் உரையும் கைடுதானே என்று யாராவது கேட்டால் சண்டைக்கு வருவேன். கோனார் உரை செய்யுளைப் பிரித்துப் பொருள் சொன்னது, இலக்கணக் குறிப்பு தந்தது. அதைப் படித்தவனுக்குக் கொஞ்சமாவது தமிழ் ஒட்டியது. எச்.ஆர்.காரர்கள் வேறு. சான்றிதழ் இருக்கிறதா, ஆம், இல்லை. அதற்கு மேல் ஒரு கேள்வி கிடையாது. ஹைதராபாத் அமீர்பேட்டையிலும் சென்னை வேளச்சேரியிலும் ‘பாஸ் உத்தரவாதம்’ என்று பேனர் கட்டுகிறவர்கள் இவர்களை நம்பித்தான் கட்டுகிறார்கள். ஆரக்கிளிலேயே ஓசிஎம் (சர்ட்டிஃபைட் மாஸ்டர்) என்று ஒரு படி உண்டு. முன்பு அங்கே ஏ, பி, சி, டி கிடையாது. மெஷின் முன் உட்காரவைத்துச் செய்துகாட்டச் சொன்னார்கள். அதற்கு டம்ப் வைத்துப் போகிறவனை நான் டிக்கெட் வாங்கிப் பார்த்திருப்பேன்.

இதையெல்லாம் மருமகனிடமும் சொன்னேன். சொல்லிவிட்டு, “சரி, ரெடோ லாக் குரூப் குறைஞ்சது எத்தனை இருக்கணும்?” என்று கேட்டேன்.

“ரெண்டு.” கண் இமைக்கும் நேரத்தில் பதில்.

“ஏன் ரெண்டு?”

“ஆப்ஷன் பி.”

மறுபடி ரெடோ லாக் பையன் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தேன். பாதியிலேயே சரணடைந்துவிட்டான். “விடுங்க மாமா, புக்கே படிக்கிறேன். நீங்க சொல்ற கைடு பேரை அனுப்புங்க.”

அனுப்பினேன். அரைமணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் பதில் வந்தது: “பிடிஎஃப் இருக்கா மாமா?”