ஸ்வரத்தைப் படம் பிடிக்காதீர்கள்

ஸ, ரி, க, ம, ப, த, நி. ஏழும் எழுத்து. நீட்டிப் பாட வேண்டுமானால் ஸா, ரீ என்று நெடில். ஒரு அக்ஷரக் கார்வைக்குக் கமா, இரண்டுக்கு அரைப்புள்ளி. தாளத்தின் அங்கம் முடிந்தால் ஒரு கோடு, ஆவர்த்தனம் முடிந்தால் இரண்டு கோடு. எல்லாமே தட்டச்சுப் பலகையில் கிடைக்கிற சாமான்கள்தான். மேல்நாட்டார் ஐந்து கோடு போட்டு அதன் மேல் முட்டை முட்டையாக ஏற்றி இறக்கி எழுதுகிறார்கள். அதைக் கணினிக்குள் கொண்டுபோக அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. நமக்கு அந்தப் பாடே வேண்டாம். நம் இசைக்குறிப்பு பிறக்கும்போதே எழுத்தாகப் பிறந்தது.

அப்படிப்பட்ட பாக்கியசாலிகளான நாம் என்ன செய்கிறோம்? நோட்டுப் புத்தகத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் தள்ளுகிறோம். பக்கத்தின் ஓரத்தில் கட்டை விரல் தெரிகிறது, மேலே மின்விசிறியின் நிழல் விழுகிறது, அனுபல்லவி பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. கேட்டால், “அதான் தெரியுதே சார், பெருசு பண்ணிப் பார்த்துக்குங்க” என்கிறார்கள். பெரிதாக்கினால் ஒரு வரி முழுதாகத் தெரிவதில்லை. சிறிதாக்கினால் என் கண்ணுக்கு எதுவுமே தெரிவதில்லை. கண்புரை அறுவை ஆனவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

படத்துக்கு அடுத்த படி, கடிதம் அடிக்கும் மென்பொருளில் ஸ்வரம் அடிப்பது. இதைச் செய்பவர்களை நான் ‘ஸ்பேஸ் பார் வித்வான்கள்’ என்று அழைப்பது வழக்கம். சாகித்யத்தின் அட்சரம் ஸ்வரத்துக்கு நேர் கீழே வரவேண்டும் என்பதற்காக இடைவெளிக் கட்டையைத் தட்டித் தட்டி நகர்த்துகிறார்கள். அவர்கள் கணினியில் கச்சிதமாக இருக்கும். எழுத்துருவை ஒரு அளவு கூட்டிப் பாருங்கள், பல்லவி பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விடும். யூனிகோடு வருவதற்கு முன் பழைய எழுத்துருக்களில் அடித்துவைத்த கோப்புகளின் கதி இன்னும் மோசம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஸ்வரமும் இல்லை, தமிழும் இல்லை, ஏதோ மந்திரவாதியின் தகடு மாதிரி இருக்கிறது.

ஸ்தாயிப் புள்ளியின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மேல் ஸ்தாயிக்குத் தலைமேல் புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் காலடியில் புள்ளி என்பது நம் வழக்கம். கையால் எழுதும்போது எந்தச் சிக்கலும் கிடையாது. அடிக்கும்போதுதான் வினை. தமிழில் தலைமேல் புள்ளி வைத்தால் அது மெய்யெழுத்து. ஆகவே ‘ஸ்’ என்று அடித்து, இதுதான் தார ஸ்தாயி ஷட்ஜம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டோம். சரி, ஷட்ஜம் பிழைத்தது. ரி என்ன செய்யும்? அதற்கு மேல்விலங்கு இருக்கிறதே, புள்ளி எங்கே உட்காரும்? கீழ்ப்புள்ளிக்கோ சாதாரணத் தமிழ் விசைப்பலகையில் ஒரு கட்டை கூடக் கிடையாது. அதனால் அடிப்பவர் அதை விட்டுவிடுகிறார். மந்த்ர ஸ்தாயி நிஷாதம் ஒரே தாவில் மத்ய ஸ்தாயிக்கு ஏறி உட்கார்ந்துகொள்கிறது. குருவிடம் பாடம் கேட்டவன் சமாளித்துக்கொள்வான். பிரதியை நம்பித் தனியாக வாசிக்கும் பிள்ளை, ஸ-வுக்குக் கீழே இறங்க வேண்டிய இடத்தில் மேலே ஏறும்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குத் தணிக்கையில் இருந்தவன். கூட்டுத்தொகை இடித்தால் எனக்குச் சோறு இறங்காது. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு நாலு அக்ஷரம் என்றால் ஆவர்த்தனத்துக்கு 32. இது பேரம் பேசுகிற விஷயம் இல்லை. ஒரு இசைப்பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்த வர்ணப் பிரதியை (பள்ளியின் பெயர் எதற்கு, நடத்துகிறவர்கள் நல்லவர்கள்) உட்கார்ந்து எண்ணினேன். ஒரு வரியில் 31, இன்னொரு வரியில் 34. எங்கோ ஒரு கமா விழுந்திருக்கிறது, எங்கோ குறில் நெடிலாகியிருக்கிறது. சுட்டிக்காட்டினால், “பாடும்போது சரியா வந்துடும்” என்று பதில். கஜானாவில் இப்படி ஒருவர் பதில் சொல்லியிருந்தால் அன்றே மெமோ போயிருக்கும்.

இதற்கெல்லாம் வழி இருக்கிறது, அதுவும் காசில்லாமல். லில்லிபாண்ட் என்று ஒரு மென்பொருள். நெதர்லாந்துக்காரர்கள் இருவர் 1996இல் தொடங்கியது. அதில் இழுத்துப் போட, ஒட்ட, நகர்த்த ஒன்றும் கிடையாது. வெறும் எழுத்துக் கோப்பில் ஸ்வரத்தின் பெயரையும் அளவையும் தட்டுகிறோம். கால் நோட்டுக்கு 4, அரை நோட்டுக்கு 2. பக்கத்தை அழகாக அமைப்பது அதன் பொறுப்பு. கையால் தகட்டில் செதுக்கி அச்சிட்ட பழைய ஐரோப்பியப் பிரதிகளைப் போல வரவேண்டும் என்பது அதைச் செய்தவர்களின் பிடிவாதம்.

நம் ஸ்வர எழுத்துக்கென்று அதில் தனி ஏற்பாடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எங்கள் அடுக்ககத்துப் பிள்ளைகள் வயலின் கற்கிறார்கள். பாதிப் பேர் மேல்நாட்டு முறை, மீதிப் பேர் நம் முறை. இரு சாராருக்கும் பொதுவாக முத்துஸ்வாமி தீக்ஷிதரின் நோட்டுஸ்வரங்களை எடுத்துக்கொண்டேன். ஆங்கிலேயர் பாண்டு மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தாரே, அவைதான். எல்லாம் சங்கராபரண ஸ்வரங்கள், கமகம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டேதான். மேலே ஐந்து கோடு, அதன் கீழே ஸ ரி க ம, அதற்கும் கீழே தமிழ் எழுத்தில் சாகித்யம். ஸ்வர எழுத்துக்களைப் பாட்டின் சொற்கள் போலவே ஒரு வரியாகக் கொடுத்துவிட்டால் அந்தந்த நோட்டின் கீழ் அது அது போய் நிற்கிறது. ஸ்பேஸ் பாரைத் தொடவே வேண்டாம்.

தணிக்கைக்காரனை மயக்கியது இன்னொன்று. அளவு முடியும் இடத்தில் ஒரு நெடுங்கோடு தட்டலாம், நாம் அங்கத்துக்குப் போடுகிற அதே கோடு. தட்டினால், அங்கே கணக்கு சரியாக முடிகிறதா என்று மென்பொருள் பார்க்கிறது. அந்த ஆங்கில மெட்டு அளவுக்கு மூன்று எண்ணிக்கை. இரண்டாவது அளவில் ஒன்றரை, அரை, ஒன்று என்று வரும். ஒன்றரைக்கு வைக்க வேண்டிய புள்ளியை விட்டுவிட்டால் கூட்டுத்தொகை இரண்டரை. உடனே இத்தனையாவது வரியில் கணக்கு இடிக்கிறது என்று எச்சரிக்கை வருகிறது. சர்வீஸில் இப்படி ஒரு உதவியாளர் எனக்குக் கடைசி வரை அமையவில்லை.

கோட்டின் அளவு அதில் இயல்பாக 20 புள்ளி. ஒரே ஒரு வரியில் அதை 28 என்று மாற்றினால் முழுப் பிரதியும் பெரிதாகி, வரிகள் தாமாகவே புதிதாக மடிந்துகொள்கின்றன. பிள்ளைகளுக்கு ஒரு பிரதி, எனக்கு ஒரு பிரதி, கோப்பு ஒன்றே.

இப்போது குறிப்பெழுதும் விஷயத்துக்கு வருகிறேன். என் கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

என் உறவில் ஒரு பெரியவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய நோட்டுப் புத்தகங்களில் மசியால் எழுதிய ஸ்வரத்தைவிடப் பென்சிலால் எழுதிய குறிப்புகள் அதிகம். இந்த இடத்தில் மூச்சு, இங்கே காந்தாரத்தைத் தொட்டுவிட்டு வா, இந்த சங்கதி முதலில் கேட்டது இன்னாரிடம், பிறகு மாறியது இப்படி என்றெல்லாம் ஓரத்தில், வரிகளுக்கு நடுவில், குறுக்கே. அவர் காலமான பின் பிள்ளைகள் பக்தியோடுதான் அவற்றை ஒரு டிடிபி கடையில் கொடுத்து அடித்து வாங்கினார்கள். மசி எழுத்து முழுக்க வந்துவிட்டது. பென்சில் எழுத்து ஒன்றுகூட வரவில்லை. அடித்த பெண்ணின் மேல் குற்றமில்லை. அந்தக் குறிப்புகளை எங்கே வைப்பது என்று அந்தப் பக்க அமைப்பில் இடமே இல்லை. “அழகா பிரிண்ட் ஆயிடுச்சே, இது எதுக்கு” என்று நோட்டுகளைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டார்கள். கீர்த்தனைகளின் ஸ்வரம் எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். அந்தப் பென்சில் குறிப்புகள் இனி எங்கே கிடைக்கும்?

எழுத்துக் கோப்பில் அவற்றுக்கு இடம் உண்டு. லில்லிபாண்டில் ஒரு ஸ்வரத்தின் பின்னால் சிறு கோடும் 2 என்ற எண்ணும் தட்டினால் இரண்டாம் விரல் என்று அச்சாகிறது. கூரைக் குறி போட்டு மேற்கோளுக்குள் ‘மூச்சு’ என்று எழுதினால் தலைமேல் வருகிறது. அடிக்கோட்டுக் குறி போட்டால் காலடியில். சில குறிப்புகளுக்கு ‘ஆசிரியர்’ என்று பெயர்ச்சீட்டு ஒட்டி, மாணவர் பிரதியில் அவை வராதபடி செய்யலாம். இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது சதவீதக் குறி. அதற்குப் பின்னால் அந்த வரியில் எதை எழுதினாலும் அச்சில் வராது, கோப்பில் மட்டும் இருக்கும். இந்தப் பிடி யாருடைய பாடம், இந்த இடத்தில் அச்சுப் புத்தகம் என்ன சொல்கிறது, நான் எதை எதற்காக மாற்றினேன் என்று பக்கம் பக்கமாக எழுதி வைக்கலாம். அச்சிட்ட தாள் சுத்தமாக இருக்கும், பென்சிலும் பிழைத்திருக்கும்.

“கமகத்தை எழுத்தில் கொண்டுவர முடியுமா? நம் சங்கீதம் குருமுகமாக வருவது” என்று ஒருவர் எழுந்து நிற்பார். எப்போதும் நிற்கிறார். ஐயா, எட்டயபுரத்தில் சுப்பராம தீக்ஷிதர் 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை அச்சிட்டபோது கமகங்களுக்குக் குறி வைத்தார். கம்பிதத்துக்கு அலைக்கோடு. ஏற்ற ஜாருவுக்கு ஏறும் சாய்கோடு, இறக்க ஜாருவுக்கு இறங்கும் சாய்கோடு. உங்கள் விசைப்பலகையைக் குனிந்து பாருங்கள், மூன்றும் இருக்கின்றன. அவரை அந்த வேலைக்குத் தூண்டியவர்களில் ஒருவரான சின்னசாமி முதலியார், 1893இலேயே நம் உருப்படிகளை ஐரோப்பியக் கோட்டுமுறையில் அச்சிடத் தொடங்கியவர். ஈய எழுத்தைப் பொறுக்கிப் பொறுக்கிக் கோத்த காலத்தில் அவர்கள் எழுதிக் காட்டினார்கள். எழுதியதால் குரு தேவையில்லை என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. குருவே போய்விட்ட வீட்டில் எது மிஞ்சும் என்பதுதான் கேள்வி. அதற்குக் குருமுகம் என்பது பதிலாகாது.

“இழுத்துப் போடுகிற மென்பொருள்களே சுலபமாக இருக்கின்றனவே” என்பார்கள் இளைஞர்கள். ஃபினாலே என்று ஒன்று, உலகம் முழுவதும் இசைக்குறிப்பு எழுதியவர்கள் முப்பத்தைந்து வருஷம் நம்பியிருந்தது. 2024 ஆகஸ்டில் அதன் வளர்ச்சியை நிறுத்துகிறோம் என்று நிறுவனம் அறிவித்துவிட்டது. அதன் சொந்தக் கோப்புகளை வைத்திருந்தவர்கள் வேறு வடிவத்துக்கு மாற்ற அலைந்தார்கள். எழுத்துக் கோப்புக்கு இந்த விதி கிடையாது. லில்லிபாண்டே நாளை நின்றுபோனாலும் கோப்பைத் திறந்து கண்ணால் படித்துக்கொள்ளலாம்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. “இதெல்லாம் நமக்கு வருமா” என்று கேட்காதீர்கள். லோயர், ஹையர் என்று தட்டச்சுப் பரீட்சை எழுதி, கார்பன் தாள் வைத்து நாலு பிரதி அடித்து, ஒரு எழுத்து தப்பினால் நாலிலும் திருத்திய தலைமுறை நாம். மென்பொருளே வேண்டாம் என்றால் அதுவும் சரி. கணினியில் இருக்கிற வெறும் எழுத்துப் பலகையைத் திறந்து கொள்ளுங்கள். முதல் வரியில் உருப்படியின் பெயர், இரண்டாவதில் ராகம், மூன்றாவதில் தாளம், நான்காவதில் யாரிடம் பாடம். பிறகு ஒரு ஆவர்த்தனத்துக்கு ஒரு வரி. மேல் ஸ்தாயிக்கு ஸ்வரத்தின் பின்னால் ஒற்றை மேற்கோள், கீழ் ஸ்தாயிக்கு முன்னால் முற்றுப்புள்ளி. நான் அப்படித்தான் செய்கிறேன், நீங்கள் வேறு குறி வைத்தாலும் மேலேயே அதைச் சொல்லிவிடுங்கள். ஸ்வர வரியின் கீழே சாகித்ய வரி. பென்சில் குறிப்பு இருந்தால் அதன் கீழே, சதவீதக் குறி போட்டு. ஒவ்வொரு வரியையும் 32 வருகிறதா என்று விரல் விட்டு எண்ணுங்கள். நோட்டைப் பழைய பேப்பர்காரர் எடுத்துப்போவதற்குள் ஒரு கீர்த்தனையாவது அடித்து, பிள்ளைகளுக்குப் படமாக இல்லாமல் கோப்பாக அனுப்புங்கள்.